ரோட்டரி சங்கத்தின் ஆரம்ப சரித்திரம்

நம் சங்கத்து அங்கத்தினராகிய சகோதரர்களுக்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் சங்கம் என்பது யாது என்று விளக்க வேண்டுவதில்லை. சந்தா, வருஷாந்தரக் கூட்டம், கல்வி நிதி, மாணவர் விடுதி, கட்டட நிதி என்னும் சொற்களைக் கேட்டே வளர்ந்தவர் நாம். ஆயினும், ஒரு சங்கம் யாருக்காக இருக்கின்றது என்னும் கேள்வியைக் கூட்டத்தில் எழுந்து கேட்பார் மிகச் சிலரே. கேட்டவரை நாம் முகமலர்ச்சியோடு நோக்குவதும் அபூர்வம். அப்படிப்பட்ட கேள்வி ஒன்றை ஒருவர் கேட்டார். கேட்கப்பட்ட சங்கத்தாரோ சினங்கொள்ளாது தம் விதிகளைத் திருத்திக்கொண்டனர். இது நிகழ்ந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள சிக்காகோ நகரம். காலம் 1906ஆம் வருஷம். சங்கம் ரோட்டரி சங்கம். பற்சக்கர முத்திரை பொறித்த அச்சங்கத்தின் பெயர்ப்பலகையை நம் ஊர்களில் காணாதார் இலர். அதன் சரித்திரத்தை, விசேஷமாக ஆரம்ப வருஷங்களின் சரித்திரத்தை, ஒருவாறு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

அச்சங்கத்தைத் தோற்றுவித்த பால் ஹாரிஸ் என்பவர் 1868ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 19ந் தேதி விஸ்கான்ஸின் மாகாணத்து ரேஸீன் நகரில் பிறந்தவர். தந்தையார் வியாபாரத்தில் நொடித்துப் போகவே, மூன்று வயதுக் குழந்தையாயிருக்கும்பொழுதே வெர்மாண்ட் மாகாணத்தில் வாலிங்போர்டு என்னும் சிற்றூரில் பாட்டனார் வீட்டில் விடப்பட்டார். யாரும் யாரையும் அறிந்த ஊர் அது. 1891ஆம் வருஷம் ஐயோவா சர்வகலாசாலையில் சட்டப் பட்டம் பெற்றபின், தொழிலில் அமர்வதற்கு முன் ஐந்து வருஷம் உலகம் பார்ப்பது என்று தீர்மானித்துப் புறப்பட்டார். பத்திரிகை நிருபராகவும், பள்ளி ஆசிரியராகவும், நாடக நடிகராகவும், மாடு மேய்ப்பவராகவும், சலவைக்கல் விற்பவராகவும் ஊர் ஊராய்த் திரிந்து, மாடு ஏற்றிச் செல்லும் கப்பலில் வேலையாளாய் இங்கிலாந்துக்கும் சென்று வந்து, முடிவில் 1896ஆம் வருஷம் சிக்காகோவில் வக்கீலாக அமர்ந்தார்.

அப்பொழுது அந்நகரில் ஏறக்குறைய 17 லக்ஷம் ஜனங்கள் வசித்தனர். இருந்தும் ஹாரிஸுக்கு மனம் விட்டுப் பேச ஒருவரும் இல்லை. வேலை நாட்களில் கட்சிக்காரர் வருவர், ஞாயிற்றுக்கிழமையோ தனிமை. கிராமத்தை விட்டுப் பட்டணம் சேர்ந்து, அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பண்டிகை நாளில் உண்ண அழைப்பாரின்றி இருந்த நம்மவர் எத்தனை பேர்! நம் நாட்டு ஜாதிச் சங்கங்கள் பலவும் இந்தத் தனிமையிலிருந்தே பிறந்தன என்பது என் அபிப்பிராயம். 1900ஆம் வருஷம் ஒரு நாள் மாலை, ஹாரிஸ் நண்பராகிய மற்றொரு வக்கீலுடன் ராஜர்ஸ் பார்க் என்னும் பேட்டையில் உலாவச் சென்றார். அந்நண்பர் வழிநெடுகக் கடைக்குக் கடை நின்று, கடைக்காரரைப் பெயர் சொல்லி அழைத்து, ஹாரிஸுக்கும் அறிமுகம் செய்து வைத்தார். வாலிங்போர்டில் தாம் விட்டு வந்த வாழ்க்கை இப்பெரு நகரத்துள்ளும் இயலும் போலும் என்று அன்று அவருக்குத் தோன்றிற்று. தோன்றியது காரியமாக ஐந்து வருஷம் ஆயிற்று.

1905ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 23ந் தேதி வியாழக்கிழமை மாலை, ஹாரிஸும் நிலக்கரி வியாபாரியாகிய சில்வெஸ்டர் ஷீலேயும் ஓர் இத்தாலிய போஜனசாலையில் உணவருந்தியபின், டியர்பார்ன் தெருவிலிருந்த யூனிட்டி கட்டடத்தின் 711ஆம் நம்பர் அறைக்குச் சென்றனர். அது குஸ்டாவஸ் லோயர் என்னும் சுரங்க எஞ்சினீயரின் காரியாலயம். தையல் வியாபாரியாகிய ஹைரம் ஷோரி என்பவரும் அங்கிருந்தார். நால்வரும் கலந்து பேசியதே முதற் கூட்டம். ஷீலே முதல் அக்ராசனரானார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அங்கத்தினரின் காரியாலயத்தில் சுழன்று சுழன்று கூடியமையால், சுழல்வது என்று பொருள்படும் ரோட்டரி என்னும் பெயர் அமைந்தது. செதுக்கு வேலை செய்யும் மாண்டேகு பேர் என்னும் அங்கத்தினர் வண்டிச் சக்கரம் ஒன்றை முத்திரையாக வரைந்து கொடுத்தார். பிற்காலத்தில் அதுவே 24 பற்களும் 6 ஆரங்களும் உடைய பற்சக்கரமாயிற்று.

சங்கத்தில் ஒரு விதி விநோதமானது. ஒரு தொழிலுக்கு ஒருவரே அங்கத்தினராகலாம். வக்கீல் ஒருவர், நிலக்கரி விற்பவர் ஒருவர், அச்சுக்கூடம் நடத்துவோர் ஒருவர் என்னும் கணக்கு. ஒரே தொழிலார் ஒன்று கூடும் சங்கங்களைப் பண்டைக் காலந்தொட்டு உலகம் அறியும். இஃது அதற்கு நேர் விரோதமான ஏற்பாடு. இருவர்க்குள் தொழிற்போட்டி இல்லையாயின் நட்பு எளிது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தையும் மறைக்க வேண்டுவதில்லை. நிலக்கரி வேண்டும் அங்கத்தினர் அனைவரும் ஷீலேயிடமே வாங்குவர். அச்சு வேலைகள் யாவும் ஐந்தாவதாகச் சேர்ந்த ஹாரி ரக்கிள்ஸ் என்பவரின் அச்சுக்கூடத்திற்கே போகும். இவ்வாறு அங்கத்தினர் தமக்குள் நடத்திக்கொண்ட வியாபாரத்தைக் கணக்கெழுத ஓர் உத்தியோகஸ்தரும் நியமிக்கப்பட்டிருந்தார். (இந்த ரக்கிள்ஸே கூட்டத்தில் ஊக்கம் குன்றிய சமயத்தில் எழுந்து நின்று பாட ஆரம்பித்தவர். ரோட்டரிக் கூட்டங்களில் பாடும் வழக்கம் அவரால் வந்தது.)

இதை இகழ்ந்து பேசுவது எனக்கு உடன்பாடன்று. நம்மவர் கடையில் வாங்குவோம், நம்மவர் பிள்ளைக்கு வேலை கொடுப்போம் என்று நாமும் சொல்லியிருக்கின்றோம். துணையற்ற சிறு வியாபாரிகள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வது தோஷமாகாது. 1906ஆம் வருஷம் ஏற்பட்ட முதல் விதிகளில் சங்கத்தின் நோக்கங்கள் இரண்டு என்று கண்டிருந்தது: அங்கத்தினரின் தொழில் நலனை வளர்த்தல் ஒன்று, அவர்களுக்குள் நட்பை வளர்த்தல் மற்றொன்று. மூன்றாவது நோக்கம் இல்லை.

அவ்வருஷம் பிரெடரிக் ட்வீட் என்னும் அங்கத்தினர், டொனால்டு கார்ட்டர் என்னும் வக்கீலைச் சங்கத்திற் சேருமாறு அழைத்தார். புதுக் கருவிகளைக் கண்டுபிடிப்பவர்களுக்கு உரிமைப் பத்திரம் பெற்றுத் தருவது கார்ட்டரின் தொழில். விதிகளைப் படித்துப் பொருள் கொள்ளுவதிலேயே ஆயுள் கழிப்பவராகையால், சங்க விதிகளையும் வாங்கிப் படித்தார். படித்துவிட்டுச் சேர மறுத்தார். தம் அங்கத்தினர்க்கன்றி நகரத்தார் எவர்க்கும் யாதொரு பயனும் செய்யாத சங்கம் நெடுநாள் நில்லாது என்பதே அவர் சொன்ன நியாயத்தின் சாரம். ட்வீட் வருத்தமடையவில்லை, அந்த நியாயத்தைச் சங்கத்தார் முன் வைத்ததோடு, விதியைத் திருத்துவதற்குக் கார்ட்டரையே உதவுமாறு கேட்டார். சிக்காகோ நகரத்தின் நலனை முன்னேற்றுவதும், நகரத்தார் உள்ளத்தில் ஊர்ப்பற்றையும் விசுவாசத்தையும் பரப்புவதும் சங்கத்தின் மூன்றாவது நோக்கமாகச் சேர்க்கப்பட்டன. கார்ட்டரும் அங்கத்தினரானார்.

கட்டுரையை இவ்விடத்தில் சற்று நிறுத்தி, என் அநுபவம் ஒன்றைச் சொல்ல அநுமதி வேண்டுகின்றேன். பல வருஷங்களுக்கு முன் கிளைச் சங்கமொன்றின் கமிட்டியில் நான் இருந்தேன். கடைத்தெருவில் கோடைக்குத் தண்ணீர்ப் பந்தல் அமைக்க வேண்டுமென்று ஓர் இளைஞர் பிரேரணை கொண்டு வந்தார். நம்மவர் கொடுத்த நிதியிலிருந்து ஊரார் குடிக்கும் தண்ணீருக்குச் செலவிடலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் கெட்டவரல்லர், ஏழை மாணவர் பலருக்குத் தம் கைப்பணத்தில் சம்பளம் கட்டியவர். சங்கப் பணம் விதவைகளும் கூலி வேலை செய்வோரும் கொடுத்த காசு என்பதால் அதனைப் புறத்தார்க்கு எடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. விவாதம் மூன்று கூட்டங்களுக்கு நீண்டது. முடிவில் பிரேரணை ஒத்திவைக்கப்பட்டது, கோடையும் கழிந்தது. வாய் திறவாது உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். அவ்விளைஞர் அதற்கடுத்த வருஷம் சந்தா செலுத்த வரவில்லை. கார்ட்டரின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அவர் முகமே என் நினைவுக்கு வருகின்றது.

நிற்க. விதியில் எழுதுவது எளிது; செய்யத்தக்க காரியம் யாது என்பதே அடுத்த பிரச்னை. 1907ஆம் வருஷம் ஹாரிஸ் சங்கத்தின் மூன்றாவது அக்ராசனரானார். அவ்வருஷம் அவர்கள் தேர்ந்தெடுத்த முதற் பெரும் பணி மணிமண்டபமன்று, சிலையன்று, பொதுக் கழிப்பிடம்.

இதைக் கேட்டு நேயர்கள் சிரித்தல் கூடும். ஆனால் அக்காலத்துச் சிக்காகோவில் வீதியில் செல்வோர்க்கு அவ்வசதி இல்லாமையால் உண்டான அவஸ்தை சிறிதன்று. ஆண் மக்கள் மதுக்கடைக்குள் நுழைய வேண்டும். நுழைந்தால் ஒரு கோப்பை பீர் வாங்காமல் வருவது மரியாதையன்று. பெண் மக்களோ பெரிய ஜவுளி மாளிகைகளுக்குள் செல்ல வேண்டும். ஆகவே, நகரசபைக் கட்டடத்திற்கு அருகில் பொதுக் கழிப்பிடம் கட்ட வேண்டுமென்று சங்கத்தார் முயன்றபொழுது, எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்து எழுந்தது. பீர் காய்ச்சும் முதலாளிகள், நகரிலுள்ள ஆயிரக்கணக்கான மதுக்கடைகளில் அவ்வசதி இருக்கையில் தனியே ஒன்று எதற்கு என்றனர். ஸ்டேட் தெருவின் பெருங்கடைக்காரர்கள், தங்கள் கடைகளில் பெண்களுக்கு அதனை இலவசமாகவே அளிக்கின்றோமே என்றனர். கழிப்பிடம் தேடி வருபவரும் வாடிக்கைக்காரர் ஆவார் என்னும் வியாபார ரகஸியம் இரு திறத்தார்க்கும் தெரிந்திருந்தது.

சங்கத்தாரில் பெரும்பாலோர் தாமும் வியாபாரிகளே என்பதை இங்கே மறத்தலாகாது. வியாபாரத்தில் செல்வாக்குடையோரைப் பகைத்துக்கொண்டு, தமக்கு ஒரு காசும் லாபமில்லாத காரியத்திற்காக அவர்கள் நின்றனர். தாமே பணம் போட்டுக் கட்டிவிடவும் முயலவில்லை. நகரிலுள்ள பிற ஸ்தாபனங்களையும் தம்முடன் சேர்த்துக்கொண்டு, நகரசபையை வற்புறுத்தி, பொதுப் பணத்தைக் கொண்டு பொதுக் காரியத்தைச் செய்வித்தனர். ஏறத்தாழ இரண்டு வருஷ முயற்சிக்குப்பின், 1909ஆம் வருஷம் கழிப்பிடம் கட்டப்பட்டது. கொடை செய்வது ஒருவகைத் தர்மம். செய்ய வேண்டியவரைச் செய்யவைப்பது மற்றொருவகை. இரண்டாவதற்குக் கல்வெட்டு வைப்பதில்லையாதலின் அதனைச் செய்ய முன்வருவோர் தொகை குறைவு.

இதற்குள் 1908ஆம் வருஷம் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் இரண்டாவது சங்கம் தோன்றிவிட்டது. 1910ஆம் வருஷம் 16 சங்கங்களின் பிரதிநிதிகள் சிக்காகோவில் மகாநாடு கூடி, ஹாரிஸைத் தேசிய சங்கத்தின் முதல் அக்ராசனராகத் தேர்ந்தனர். அடுத்த வருஷம் போர்ட்லண்டு நகரத்து மகாநாட்டில் இரண்டு வாக்கியங்கள் எழுந்தன. நன்றாய்ச் சேவை செய்பவனே மிகுந்த லாபம் அடைகின்றான் என்பது சிக்காகோவைச் சேர்ந்த ஆர்தர் ஷெல்டன் என்பவரின் வாக்கு. தன்னலமன்று, சேவையே என்பது மின்னியாபொலிஸ் நகரத்து பென் காலின்ஸ் கூறியது. இதுவே பின்பு, தன்னலத்திற்கு மேற்பட்ட சேவை என்று மாறி வழங்கலாயிற்று. இரண்டும் 1950ஆம் வருஷம் சங்கத்தின் வாசகங்களாக அங்கீகரிக்கப்பட்டு, 1989ஆம் வருஷம் பிந்தியதே பிரதான வாசகம் என்று விதிக்கப்பட்டது. லாபத்தைப் பேசும் வாக்கியம் பின்னிடைய 78 வருஷம் சென்றதைப் பார்த்தால், அந்தச் சங்கத்துள்ளும் கார்ட்டர் கேட்ட கேள்வி முற்றும் ஓய்ந்துவிடவில்லை என்பது புலனாகும்.

ஊனமுற்ற குழந்தைகளுக்கான பணியும் இக்காலத்திலேயே தொடங்கிற்று. ஓஹையோ மாகாணத்து எலீரியா நகரில் எட்கர் ஆலன் என்னும் வியாபாரி இருந்தார். 1907ஆம் வருஷம் டிராம் வண்டி விபத்தொன்றில் தம் புதல்வரை இழந்தார். காயமுற்றோரைக் கவனிக்கத் தக்க ஆஸ்பத்திரி ஊரில் இல்லாமையைக் கண்ட அவர், தொழிலை விட்டுப் பொருள் திரட்டி, மறு வருஷமே ஓர் ஆஸ்பத்திரி எழும்புமாறு செய்தார். கை கால் விளங்காத குழந்தைகளுக்கென்றே 1915ஆம் வருஷம் தனி ஆஸ்பத்திரி ஒன்றும் அங்கு ஏற்பட்டது. 1919ஆம் வருஷம் ரோட்டரி அன்பர்களின் துணைகொண்டு அக்குழந்தைகளுக்காக மாகாணச் சங்கம் ஒன்றைக் கண்டார். தேச முழுதும் பரவிய பணிக்கு அது வித்தாயிற்று.

பணிகள் பெருகப் பெருக, தர்ம காரியங்களில் சங்கம் ஈடுபடுவது தகுமா, தனி மனிதர் தம் தொழிலில் நேர்மையாய் நடப்பதே போதாதா என்று பூசல் விளைந்தது. 1923ஆம் வருஷம் ஸெயின்ட் லூயிஸ் மகாநாட்டில் நிறைவேறிய தீர்மானம் அதனைத் தீர்த்து வைத்தது. தனக்கு லாபம் தேடும் ஆசைக்கும் பிறர்க்கு உழைக்கும் கடமைக்கும் மனிதனுள் நடக்கும் போராட்டத்தைச் சமரசம் செய்வதே ரோட்டரியின் தத்துவம் என்று அது தொடங்குகின்றது. எந்தப் பணியைச் செய்வது என்பதை அந்தந்த ஊர்ச் சங்கமே முடிவு செய்யும், தலைமையிடம் கட்டளையிடாது. ஊருக்கு மெய்யாகவே வேண்டிய பணியாகவும், அங்கத்தினர் யாவரும் சேர்ந்து உழைக்க வேண்டிய பணியாகவும் அஃது இருத்தல் வேண்டும். பிறிதொரு ஸ்தாபனம் நன்கு செய்துவரும் காரியத்தில் குறுக்கிடலாகாது. விளம்பரத்தையே குறியாகக் கொண்டு எப்பணியையும் தேர்ந்தெடுக்கலாகாது. இக்கடைசி விதியை எத்தனை சங்கங்கள் கைக்கொண்டன என்று நான் ஆராயப் புகவில்லை. பொன்னாடைகளும் புகைப்படங்களும் மலிந்த நம் கூட்டங்களில் உட்கார்ந்தெழுந்தவனுக்கு அவ்வாராய்ச்சி செய்யும் தகுதியும் இல்லை.

சிக்காகோச் சங்கத்து அங்கத்தினராகிய ஹெர்பெர்ட் டெய்லர் 1932ஆம் வருஷம் எழுதிய நான்கு கேள்விகளையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். திவாலாகும் நிலையிலிருந்த அலுமினியப் பாத்திரக் கம்பெனி ஒன்றைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு அப்பொழுது அவருக்கு வாய்த்திருந்தது. எண்ணுவதும் சொல்லுவதும் செய்வதும் உண்மையானதா, சம்பந்தப்பட்ட யாவர்க்கும் நியாயமானதா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, யாவர்க்கும் நன்மை தருமா என்பனவே அவை. தம் கீழிருந்த நான்கு இலாகாத் தலைவர்களும் நான்கு வெவ்வேறு சமயக் கிளையினராகையால், இவற்றுள் எதுவும் உங்கள் சமயத்திற்கு மாறுபட்டதா என்று அவர்களைக் கேட்டு, இல்லை என்று விடை பெற்ற பின்னரே கம்பெனியில் வழங்கச் செய்தார். 1943ஆம் வருஷம் ரோட்டரி அவற்றைத் தனதாக ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் இச்சங்கம் 1919ஆம் வருஷம் கல்கத்தாவில் கூடத் தொடங்கியது. சென்னையில் 1929ஆம் வருஷம் ஏற்பட்டது. ஆனால் நம் வீட்டு வாசற்படிவரை அதனைக் கொண்டுவந்தது இளம்பிள்ளை வாதத்திற்கான சொட்டு மருந்தே. 1979ஆம் வருஷம் பிலிப்பைன் தீவுகளில் 60 லக்ஷம் குழந்தைகளுக்கு அம்மருந்தை வழங்கும் முயற்சியில் ரோட்டரி ஈடுபட்டது. 1985ஆம் வருஷம், அந்நோயை உலகினின்றே ஒழிப்பது என்று சங்கற்பம் செய்து, 12 கோடி டாலர் திரட்டப் புறப்பட்டு, 1988ஆம் வருஷத்துள் 24 கோடியே 70 லக்ஷம் டாலர் திரட்டிற்று. அவ்வருஷம் உலகச் சுகாதார ஸ்தாபனமும் இதனைத் தன் காரியமாக மேற்கொண்டது. அக்காலத்தில் 125 தேசங்களில் வருஷந்தோறும் ஏறக்குறைய 3,50,000 குழந்தைகள் அந்நோய்வாய்ப்பட்டனர். நம் தேசத்தில் 1995ஆம் வருஷம் முதல் குறித்த நாட்களில் மருந்து வழங்கப்பட்டது. பாலர் பள்ளியிலும் பேருந்து நிலையத்திலும் வரிசையில் நின்று, மருந்திட்டு, இடது கைச் சுண்டுவிரலில் மை வைத்துக்கொண்டு திரும்பிய குழந்தைகள் நம் இல்லந்தோறும் உண்டு. அவர்கள் இப்பொழுது பெற்றோராகிவிட்டனர். அம்மருந்தின் செலவிலும் வேலையிலும் பெரும்பங்கு சர்க்காரைச் சேர்ந்தது. கிராமச் சுகாதார ஊழியர் காலால் நடந்து செய்த பணியை எந்தச் சங்கமும் தனதென்று கூறுதல் தகாது. 2011ஆம் வருஷம் ஜனவரி மாதம் 13ந் தேதி வங்காளத்து ஹௌரா ஜில்லாவில் ஒரு குழந்தைக்குக் கண்டதே நம் தேசத்தில் இந்நோயின் கடைசி நிகழ்ச்சி. 2014ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 27ந் தேதி, இந்தியா அந்நோயினின்றும் விடுபட்டதென்று சான்று வழங்கப்பட்டது.

இவ்வளவு சொல்லிய பின், ஒரு குறையைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. ஊருக்கெல்லாம் உழைத்த இச்சங்கத்தின் கதவு பெண் மக்களுக்கு எண்பது வருஷத்திற்கு மேல் மூடியேயிருந்தது. 1977ஆம் வருஷம் கலிபோர்னியா மாகாணத்து துவார்த்தே என்னும் சிற்றூர்ச் சங்கம், ஆட்கள் குறைந்த நிலையில், மூன்று பெண்மணிகளை அங்கத்தினராகச் சேர்த்தது. மறு வருஷம் தலைமைச் சங்கம் அதனை விலக்கிவிட்டது. விலக்கப்பட்டோர் பணிந்து போகாது வழக்காடினர். 1987ஆம் வருஷம் மே மாதம் 4ந் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1989ஆம் வருஷம் ரோட்டரியின் சட்டமும் உலக முழுவதற்கும் திருத்தப்பட்டது. 1906ஆம் வருஷம் ஒருவர் மறுத்தவுடன் திருந்திய சங்கத்தார், இம்முறை நீதிமன்றத்தின் வாயிலிருந்து கேட்ட பிறகே திருந்தினர். 2022ஆம் வருஷம் கனடா தேசத்து ஜெனிபர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் உலகத் தலைவரானார். நம் சங்கங்களின் நிர்வாகப் பட்டியலில் அம்மையார் பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் வேலையை, இவ்விதழைப் படிக்கும் சகோதரிகளுக்கே விட்டுவிடுகின்றேன்.

பால் ஹாரிஸ் 1947ஆம் வருஷம் ஜனவரி மாதம் 27ந் தேதி காலமானார். முதற் கூட்டம் நடந்த யூனிட்டி கட்டடம் 1989ஆம் வருஷம் இடிக்கப்பட்டது. அதற்குமுன் அன்பர் சிலர் 711ஆம் நம்பர் அறையைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பத்திரப்படுத்தினர். 1994ஆம் வருஷம் முதல், சிக்காகோவை அடுத்த எவான்ஸ்டன் நகரிலுள்ள தலைமைக் காரியாலயத்தில், நால்வர் கூடிய அன்றிருந்த கோலத்திலேயே அவ்வறையை அமைத்து வைத்திருந்தனர்.